அயல்நாட்டுத் தமிழாசிரியர்

பாடியிலுள்ள நம் சமூகத்து இளைஞர் சிலர், அயல்நாட்டுச் சர்வகலாசாலைகளில் தமிழ் கற்பிக்கும் உத்தியோகம் பெற விழைகின்றனர். முன்னோர் வரலாறு அவர்கட்கு வழிகாட்டும்.

யாழ்ப்பாணத்துத் தனிநாயக அடிகள் ரோமாபுரியில் சமயக்கல்வி முடித்த பின்னரே, 1945 முதல் அண்ணாமலைச் சர்வகலாசாலையில் தமிழை முறையாகப் பயின்றார். 1961-ல் மலாயா சர்வகலாசாலையில் இந்தியவியல் துறைத் தலைவரானார். சிக்காகோவில் திராவிட மொழியியல் போதித்த அ. கி. இராமானுஜன், 1963-ல் இந்தியானா சர்வகலாசாலையில் மொழியியலில் டாக்டர் பட்டம் பெற்றவர்.

இக்கல்வி எதற்கெனில், ‘மரம்’ என்பது ஐயுருபு ஏற்குங்கால் ‘மரத்தை’ ஆவதேன் என்று அயல்நாட்டு மாணாக்கன் வினவுவான். நாம் பிழையின்றிப் பேசுவோம். காரணங் கூறத் திகைப்போம். அத்துச் சாரியையை அறிந்தவரே விடையளிப்பர்.

ஆதலின் பெற்றோர்களே, பிரயாணத்துக்குக் கடன்படுமுன் மக்கட்கு இலக்கணமும் மொழியியலும் கற்பிப்பீர்களாக!