நாம் உடுக்கும் உடுப்பும் கட்டுநாயக்காவும்

மருத்துநீர் வைத்து முழுகி, புது உடுப்புப் போட்டு, கைவிசேஷம் வாங்குவது எங்கள் சித்திரை வருஷப் பிறப்பு. அந்தப் புது உடுப்பை ஆர் தைத்தது என்று நாங்கள் கேட்பதில்லை. சில வருஷங்களுக்கு முன் இங்கே நியூஜேர்சியில் மகனுக்கு ஒரு சேட்டு எடுத்தேன். அதன் கழுத்துப் பட்டியில் ‘மேட் இன் ஸ்ரீலங்கா’ என்றிருந்தது. “அப்பா, இது எங்கட நாட்டிலையோ தைச்சது?” என்று கேட்டான். அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

கட்டுநாயக்கா என்றால் எம்மவருக்கு விமான நிலையம்தான். பெட்டியும் பயமுமாக அந்த வழியால் வெளிக்கிட்டவர்கள் நாங்கள். பக்கத்திலிருந்த தொழிற்சாலைகளைப் பார்க்க அன்று ஆருக்கு மனம் இருந்தது?

1977 இல் ஜே. ஆர். ஜெயவர்த்தனா அரசு திறந்த பொருளாதாரத்தைக் கொண்டு வந்தது. அடுத்த வருஷமே கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் ஆரம்பமாயிற்று. வெளிநாட்டு முதலாளிமாருக்கு நீண்டகால வரிவிலக்குக் கிடைத்தது. அவர்கள் வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1974 இல் வந்த பல்லிழை ஒப்பந்தத்தின்படி, பணக்கார நாடுகள் எந்த நாட்டிலிருந்து எவ்வளவு உடுப்பு எடுப்பது என்று கோட்டா வைத்திருந்தன. ஹொங்கொங் போன்ற இடங்களின் கோட்டா முடிய, முடியாத நாடுகளைத் தேடி முதலாளிமார் வந்தார்கள். 2005 தொடக்கத்தில்தான் அந்தக் கோட்டா முறை ஒழிந்தது.

வேலைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் கிராமத்துச் சிங்கள இளம் பெண்கள். ஒரு சின்ன அறையில் பலர் வாடகைக்கு இருப்பார்கள். ஒரு மணித்தியாலத்துக்கு இத்தனை உருப்படி என்ற கணக்கு, கட்டாய மேலதிக நேரம், தொழிற்சங்கம் சேர்ந்தால் வேலை போகும் என்ற பயம். 1984 இல் இந்தப் பெண்களுக்காகத் தொடங்கிய பத்திரிகையின் பெயர் ‘தாபிந்து’. வியர்வைத் துளிகள் என்று அர்த்தம். 2011 மே 30 இல் ஓய்வூதியச் சட்டமூலத்தை எதிர்த்து வலயத் தொழிலாளர் வீதிக்கு வந்தபோது பொலிசார் சுட்டார்கள். ரொஷான் சானக என்ற இளைஞர் உயிரிழந்தார். அதன் பின்னர்தான் அரசு அந்தச் சட்டமூலத்தைக் கைவிட்டது.

இதை ஒருநாள் நண்பர் ஒருவருக்குச் சொன்னேன். “அதெல்லாம் சிங்களப் பிள்ளையள் அண்ணை. எங்கட சனம் பட்ட பாட்டை ஆர் கேட்டவை?” என்றார். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒருவரும் கேட்கவில்லை என்பதுதானே எங்கள் காயம்? அதையே நாங்களும் மற்றவருக்குச் செய்யலாமோ? அதோடு, 2009 க்குப் பிறகு வன்னிப் பிள்ளைகளும் அந்த வலயத்துக்கு வேலை தேடிப் போனார்கள். கிளிநொச்சியிலும் ஆடைத் தொழிற்சாலைகள் வந்துவிட்டன. மகனின் கேள்விக்கு இப்போது “ஓம்” என்றுதான் பதில்.

நாங்கள் வந்து சேர்ந்த இந்த நாட்டிலும் இதே கதை நடந்திருக்கிறது. 1911 மார்ச் 25 இல் நியூயோர்க்கில் ட்ரயாங்கிள் சேட்டுத் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. கதவு பூட்டியிருந்ததால் பலருக்கு ஓட வழியில்லை. 146 பேர் இறந்தார்கள். அநேகர் யூத, இத்தாலிய குடியேறிகளின் பெண் பிள்ளைகள். முதலாளிமார் இருவரும் வழக்கில் விடுதலையானார்கள். ஆனால் மக்களின் கோபத்தால் நியூயோர்க்கில் புதிய தொழிற்சாலைச் சட்டங்கள் வந்தன. 1913 இல் எங்கள் நியூஜேர்சியின் பற்றர்சனில் பட்டாலைத் தொழிலாளர் எட்டு மணித்தியால வேலை கேட்டு மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களிலும் பெரும்பான்மை குடியேறிகள்தான். அன்று தோற்றார்கள். ஆனால் கேட்ட எட்டு மணித்தியாலம் பின்னர் கிடைத்தது.

இங்கே சட்டம் இறுக, தையல் வேலை சம்பளம் குறைந்த நாடுகளுக்குப் போயிற்று. “தொழிற்சாலை எங்களுடையதல்ல, ஒப்பந்தக்காரருடையது” என்பது கம்பனிகளின் பழைய பதில். 1990 களில் மாணவரும் பாவனையாளரும் விடாமல் கேட்டதால்தான், 1998 இல் நைக்கி தன் ஒப்பந்தத் தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேரும் வயதை உயர்த்துவதாக அறிவித்தது. 2013 ஏப்ரல் 24 இல் வங்காளதேசத்தில் ராணா பிளாசா இடிந்து 1,100 க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். முதல்நாளே சுவரில் வெடிப்புக் கண்டும் வேலைக்கு ஏற்றினார்கள். அதன் பிறகு பல கம்பனிகள் சட்டப்படி கட்டுப்படுத்தும் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டன. வால்மார்ட், கப் போன்ற அமெரிக்கக் கம்பனிகள் அதில் சேராமல் வேறொரு ஏற்பாட்டைச் செய்தன.

இலங்கை உடுப்பை வாங்காமல் விடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் செய்தால் அந்தப் பிள்ளைகளின் சோறுதான் போகும். வாங்குங்கள், ஆனால் கேளுங்கள். எந்தத் தொழிற்சாலையில் தைத்தது, அங்கே சங்கம் வைக்க விடுகிறார்களா என்று கம்பனிக்கு ஒரு கடிதம் போடுங்கள். எங்கள் சங்கத்தின் பெயரில் நாற்பது கடிதம் போனால் அது குப்பைக்கூடைக்குள் இலகுவாகப் போகாது.

இந்த வருஷம் புது உடுப்பைப் பிள்ளைக்குப் போட்டுவிடும்போது கழுத்துப் பட்டியை ஒருக்கால் திருப்பிப் பாருங்கள். அனைவருக்கும் சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துக்கள்.