மேசைமேல் புத்தகம்

1950களின் கடைசியில், சென்னை மாநிலத்தில் தொடக்க வகுப்புகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தந்த ஏறக்குறைய 27,000 ஆசிரியர்களுக்குப் புதுமுறைப் பயிற்சி தரும் பெருமுயற்சி தொடங்கியது. முதலில் பயின்றவர்கள் ஊர் திரும்பி மற்றவர்களுக்குக் கற்பித்தார்கள். ‘மெட்ராஸ் ஸ்னோபால்’ என்று அதற்குப் பெயர்.

விதியை ஒப்பிப்பதைவிட வாக்கிய அமைப்பைப் பழகுவதே அந்த முறையில் முக்கியம். ஆசிரியர் புத்தகத்தை மேசைமேல் வைத்து, ‘த புக் இஸ் ஆன் த டேபிள்’ என்பார். பைக்குள் போட்டால் ‘இன்’, நாற்காலிக்கு அடியில் தள்ளினால் ‘அண்டர்’. வகுப்பே சேர்ந்து சொல்லும்.

தமிழ்ப் பிள்ளைக்கு இது லேசான வேலையல்ல. ‘மேசை’ என்று பெயரைச் சொல்லிவிட்டுப் பிறகு ‘மேல்’ என்று இடச்சொல்லைச் சொல்லிப் பழகிய நாக்கு, வரிசையை அப்படியே மாற்றவேண்டும். கண்ணெதிரே புத்தகம் இருந்தது பெரிய துணை.

‘அட்’ (at) என்ற இடச்சொல் வேறு கதை. அதை மேசைமேல் வைத்துக் காட்ட முடியாது. வாசலில், பேருந்து நிறுத்தத்தில் என்று வாக்கியங்களை அடுக்கித்தான் புரியவைக்க வேண்டும்.