நூல்விலக்கும் ஊர்விலக்கும்: குளந்திரான்பட்டு எழுப்பும் வினா

எழுதியதற்காக ஒருவரைச் சமூகம் ஒதுக்கிவைப்பது இன்று இணையக் காலத்தின் புதுப் பழக்கமாகவே பேசப்படுகிறது. தமிழகத்தில் அதற்கு ஊர்விலக்கு என்னும் பழைய பெயர் உண்டு.

புதுக்கோட்டை மாவட்டம் கறம்பக்குடி அருகிலுள்ள குளந்திரான்பட்டைச் சேர்ந்த தலித் எழுத்தாளர் துரை.குணா, 2014இல் 'ஊரார் வரைந்த ஓவியம்' என்னும் குறுநாவலை வெளியிட்டார். கிராமத்தில் நிலவும் சாதி ஒடுக்குமுறையே அதன் பொருள். நூல் வெளிவந்தபின் அவருடைய குடும்பம் ஊர்விலக்குக்கு ஆளானது. 2016 ஜூனில் வழக்கொன்றில் அவர் கைது செய்யப்பட்டார். புகார்தாரராகக் காட்டப்பட்டவரே தாம் புகார் அளிக்கவில்லை என்று கூறியதாக அப்போது செய்திகள் வெளிவந்தன.

இதே காலத்து நிகழ்வாகிய 'மாதொருபாகன்' சர்ச்சையே ஆய்வுகளில் பெரிதும் இடம்பெறுகிறது. 2010இல் வெளிவந்த அந்நாவலுக்கு எதிர்ப்பு எழுந்தது 2014 டிசம்பரில். 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த அமைதிப் பேச்சுக்குப்பின், தம்முள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டதாகப் பெருமாள்முருகன் அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அந்த உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தது. பிடிக்காத நூலை வாசகர் மூடிவைத்துவிடலாம் என்பது அத்தீர்ப்பின் அடிப்படை வாதங்களுள் ஒன்று.

இவ்வாதம் முன்பின் அறியாத வாசகருக்கே பொருந்தும். திருச்செங்கோட்டில் புண்பட்டதாகச் சொல்லப்பட்டது முன்னோரின் மானம். கதை நிகழ்வதும் காலனியக் காலத்தில். குளந்திரான்பட்டிலோ நூல் பேசியது வாசிப்போரின் நிகழ்கால நடத்தையை. எழுதியவர் அடுத்த தெருக்காரர். அங்கே நூலை மூடிவைத்தாலும் எழுதியவர் கண்ணெதிரேதான் நடமாடுவார். ஆகவே விலக்கு நூலைவிட்டு ஆளின்மேல் பாய்கிறது. ஒழுக்கம் குறித்த விவாதமாக இதைக் கொள்வது ஊராருக்குக் காட்டும் மிகையான சலுகை.

நூலுக்கு விதிக்கப்படும் தடையை நீதிமன்றம் நீக்க இயலும். ஊர்விலக்குக்கோ எழுத்து வடிவிலான ஆணை பெரும்பாலும் இருப்பதில்லை. 1949ஆம் ஆண்டின் பம்பாய் விலக்குத் தடைச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1962இல், மத உரிமையின் பெயரால், செல்லாததாக்கியது. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு எதிரான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு தனிக்குற்றமாகச் சேர்க்கப்பட்டு நடைமுறைக்கு வந்தது 2016 ஜனவரி 26 அன்றுதான். குறுநாவல் வெளிவந்தபோது அப்பிரிவு இல்லை. இன்று அப்பிரிவின்கீழ் வழக்குத் தொடுப்பவரும் மெய்ப்பிக்க வேண்டியிருப்பது கடைக்காரர் சரக்கில்லை என்று கைவிரித்ததையும், அண்டை வீட்டார் பேச்சை நிறுத்தியதையும்.