கரிபியர் குடியேறிய இங்கிலாந்து

பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்பு நாடிச் செல்வோர், அரசின் வாயிலைக் கடந்த பின்னரும் ஊராரின் வாயிலைக் கடக்க வேண்டியுள்ளது. முன்னது திறந்தும் பின்னது அடைத்தும் இருந்த வரலாற்றை, இங்கிலாந்தில் குடியேறிய கரிபியத் தீவினரின் வாழ்வில் நாம் காண்கிறோம்.

1948 ஜூன் 22 அன்று ‘எம்பயர் விண்ட்ரஷ்’ கப்பலில் வந்த பல நூறு கரிபியர் டில்பரித் துறையில் கரையிறங்கினர். அவ்வாண்டு இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம், பிரித்தானியருக்கும் குடியேற்ற நாட்டினருக்கும் பொதுவான குடியுரிமையை வழங்கியது. போரினால் நலிந்த நாட்டுக்கு உழைப்பாளர் தேவைப்பட்டனர். 1956 முதல் இலண்டன் போக்குவரத்துத் துறையினர் பார்படோசுத் தீவுக்கே சென்று ஆள் திரட்டினர்.

எனினும், வந்தவர்க்கு வாடகைக்கு அறை கிடைப்பது அரிதாயிற்று. கறுப்பருக்கு இடமில்லை என்னும் அறிவிப்புகள் வீட்டுச் சன்னல்களில் தொங்கின. வீடு வாங்கக் கடன் கேட்டோரும் மறுக்கப்பட்டனர். அவர்கள் தளர்ந்துவிடவில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த ‘பார்ட்னர்’ என்னும் முறையில் வாரந்தோறும் பணம் சேர்த்து, முறைவைத்து எடுத்துப் பலர் வீடு வாங்கினர். நம் பெண்டிர் கட்டும் சீட்டு போன்றதே இது.

1958இல் நாட்டிங் ஹில் பகுதியில் வெள்ளை இளைஞர் கும்பல்கள் கரிபியரைத் தாக்கின. டிரினிடாடில் பிறந்த கிளாடியா ஜோன்ஸ் என்னும் பெண்மணி, 1959 சனவரியில் இலண்டன் மண்டபமொன்றில் கரிபிய விழாவை நடத்தி அதற்கு விடையளித்தார்.

பிரிஸ்டல் நகரப் பேருந்து நிறுவனம் கரிபியரையும் ஆசியரையும் பேருந்துப் பணியில் சேர்க்க மறுத்தது. தொழிற்சங்கத்தின் உள்ளூர்க் கிளையும் அதற்குத் துணைநின்றது. 1963இல் கரிபியர் பேருந்துப் புறக்கணிப்பைத் தொடங்கினர். நான்கு மாதங்களில் தடை நீங்கியது. அதன்பின் முதலில் நடத்துநராகச் சேர்ந்தவர் ரக்பீர் சிங் என்னும் சீக்கியர். கரிபியர் நடத்திய போராட்டத்தின் பயனை நம் நாட்டவரும் பெற்றனர் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

1965ஆம் ஆண்டின் இன உறவுச் சட்டம் பொதுவிடங்களில் பாகுபாட்டைத் தடுத்தது. 1968ஆம் ஆண்டின் சட்டம் வேலைக்கும் வீட்டுக்கும் அதனை விரித்தது. ஆயினும் அரசின் வாயிலும் உறுதியாக நிற்கவில்லை. 1973க்கு முன்பே வந்து உரிமையுடன் வாழ்ந்த பலர், ஆவணம் இல்லையென்று வேலையும் மருத்துவமும் இழந்தமையும், சிலர் நாடுகடத்தப்பட்டமையும் 2018இல் வெளிப்பட்டன. பிரதமரே மன்னிப்புக் கேட்க நேர்ந்தது.

பல பண்பாடுகள் கூடிவாழ்தல் என்பது பிறருடைய இசையையும் உணவையும் சுவைப்பதோடு முடிவதன்று. வேலையும் வீடும் ஒப்பக் கிடைப்பதே அதன் உரைகல். வெளிமாநிலத்தில் வாடகை வீடு தேடி அலைந்த நாம் இதனை அறிவோம். இன்று நம்மில் பலர் வீட்டு உரிமையாளர்கள். நம் வாயிலில் இடம் கேட்டு நிற்பவரிடம் ஊரையும் சாதியையும் கேளாதிருப்போமாக.