வாஷிட்டா படுகைச் சிற்றணைகள்

வாஷிட்டா படுகைச் சிற்றணைகள் அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில், வாஷிட்டா ஆற்றில் கலக்கும் ஓடைகளின் குறுக்கே கட்டப்பட்ட மண் அணைகள். மழை வெள்ளத்தைச் சில நாள்கள் நிறுத்தி வைத்து, ஓடை தாங்கும் அளவுக்கு மெல்ல வெளியேற்றுவதே இவற்றின் வேலை. பாசனமோ மின் உற்பத்தியோ இவற்றின் முதன்மை நோக்கம் அல்ல. இவ்வகையில் நாட்டின் முதல் அணை, கார்டெல் என்ற சிற்றூருக்கு அருகே கிளவுட் ஓடையில் 1948 ஜூலை 8 அன்று கட்டி முடிக்கப்பட்டது. வாஷிட்டா படுகையில் இன்று இத்தகைய அணைகள் ஆயிரத்துக்கு மேல் உள்ளன. ஒக்லஹோமா முழுவதும் 2,107. வேறு எந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை. இதே முறையில் 47 மாநிலங்களில் ஏறத்தாழ 11,800 அணைகள் எழுந்தன.

பின்னணி

டெக்சஸ் மாநிலத்தின் வடமுனையில் தோன்றும் வாஷிட்டா, ஒக்லஹோமாவைத் தென்கிழக்காகக் கடந்து ரெட் ஆற்றைச் சேர்கிறது. படுகையின் மேற்பகுதி செம்மண் பூமி. மழை குறைவு, ஆனால் வசந்த காலத்தில் இடிமழையாகக் கொட்டும். ஷையான், அரபாஹோ பழங்குடியினரின் நிலம் 1892இல் குடியேறிகளுக்குத் திறந்துவிடப்பட்ட பிறகு, புல்வெளிகள் உழப்பட்டுப் பருத்தியும் கோதுமையும் விளைந்தன. புல் போனதும் மண் பிடிமானம் இழந்தது. 1930களின் வறட்சியில் காற்று மண்ணை வாரிச் சென்றது; மழை பெய்தபோது வெள்ளம் அரித்துச் சென்றது. அரித்த வண்டல் ஓடைகளின் படுகையை மேடாக்கியதால், சிறு வெள்ளம்கூடக் கரையைத் தாண்டி வயல்களில் பரவியது.

1934 ஏப்ரல் 3, 4 தேதிகளில் மேல் வாஷிட்டாவில் பெய்த பெருமழையால் ஹாமன் ஊருக்கு அருகே 17 பேர் உயிரிழந்தனர். மறு ஆண்டு, ஹியூ ஹாமண்ட் பென்னட் தலைமையில் மண் பாதுகாப்புத் துறை உருவானது. வெள்ளத்தை ஆற்றில் மட்டுமல்லாமல் அது பிறக்கும் நிலத்திலும் ஓடையிலும் தடுக்க வேண்டும் என்பது இத்துறையின் நிலைப்பாடு. 1944 டிசம்பரில் நிறைவேறிய வெள்ளத்தடுப்புச் சட்டம், இப்பணிக்காக 11 ஆற்றுப்படுகைகளைத் தேர்ந்தெடுத்தது. அவற்றுள் வாஷிட்டாவும் ஒன்று. ரோஜர் மில்ஸ் மாவட்டத்தின் சாண்ட்ஸ்டோன் ஓடைப் படுகையில் 1950களின் தொடக்கத்தில் 24 அணைகள் ஒரே திட்டமாக முடிக்கப்பட்டன. ஒரு நீர்ப்பிடிப்பு முழுமைக்கும் அணைத் தொகுதி அமைந்தது நாட்டில் அதுவே முதல்முறை.

1954இல் வந்த நீர்ப்பிடிப்புப் பாதுகாப்பு, வெள்ளத்தடுப்புச் சட்டம் இம்முறையை நாடெங்கும் விரித்தது. 'சிறு' என்பதற்கு வரம்பும் உண்டு. திட்டப் பகுதி 2,50,000 ஏக்கரையும், ஓர் அணையின் மொத்தக் கொள்ளளவு 25,000 ஏக்கர்-அடியையும் தாண்டக்கூடாது. நடைமுறையில் பெரும்பாலான அணைகள் இதைவிட மிகச் சிறியவை.

அமைப்பும் இயக்கமும்

கரை, அருகிலேயே வெட்டிய களிமண்ணைப் படலம் படலமாகப் பரப்பி, ஈரம் பார்த்து, உருளை ஓட்டி இறுக்கிக் கட்டப்படுகிறது. அடியில் நீர் கசியாதிருக்க, உறுதியான மண் வரும்வரை அகழி தோண்டிக் களிமண்ணால் நிரப்புவார்கள். அணைக்குள் நீரின் இடம் மூன்று அடுக்காகப் பிரிக்கப்பட்டிருக்கும். அடியில் இருப்பது வண்டல் படிவதற்கான இடம். பல ஆண்டுகளுக்கு வரும் வண்டலைக் கணக்கிட்டு இதை ஒதுக்குவார்கள். வண்டல் நிரம்பும்வரை இது குளமாக இருக்கும்; மாடுகளுக்குத் தண்ணீரும் மீனும் கிடைப்பது இதில்தான். அதற்கு மேல் உள்ளது வெள்ளத்துக்கான இடம். இது வழக்கமாக வெறுமையாகவே இருக்க வேண்டும். அதற்கும் மேலே, அலையும் எதிர்பாராத ஏற்றமும் கரையைத் தாண்டாதிருக்க விடும் உயர இடைவெளி.

குளத்துக்குள் நிற்கும் கான்கிரீட் கோபுரமும், அதன் அடியிலிருந்து கரையைத் துளைத்துச் செல்லும் குழாயும் முதன்மை வடிகால். நீர் கோபுர வாயைத் தொட்டதும் தானாக உள்ளே விழுந்து, கரைக்கு அப்பால் உள்ள குட்டையில் வேகம் தணிந்து ஓடையில் சேரும். வெள்ள நீரில் பெரும்பகுதி பத்து நாள்களுக்குள் வடிந்து, அடுத்த மழைக்கு இடம் காலியாகும்படி குழாயின் அளவைத் தீர்மானிப்பார்கள். வெள்ளத்தின்போது திறக்கவோ மூடவோ கதவு இல்லை. நள்ளிரவு இடிமழையில் யாரும் ஓடிவர வேண்டியதில்லை என்பதே ஆள் நடமாட்டமில்லாத ஓடைகளில் இந்த ஏற்பாட்டின் பலம்.

குழாயால் சமாளிக்க முடியாத பெருவெள்ளத்துக்குக் கரையின் ஓரத்தில், இயற்கை மேட்டை வெட்டிய அகலமான கலிங்கு உண்டு. இடத்தின் இடரைப் பொறுத்து, 25 முதல் 100 ஆண்டுகளுக்கு ஒருமுறை நேரக்கூடிய மழைக்கு மேல்தான் இதில் நீர் ஓட வேண்டும். பெரும்பாலானவற்றில் கல்லோ கான்கிரீட்டோ இல்லை, புல்தான் காப்பு. எந்தப் புல் எவ்வளவு வேகத்தைத் தாங்கும் என்பதை ஸ்டில்வாட்டர் நகருக்கு அருகே உள்ள வேளாண் துறையின் நீரியல் ஆய்வுக்கூடம் 1940கள் முதல் திறந்தவெளிக் கால்வாய்களில் நீர் ஓட்டிச் சோதித்துவருகிறது. வேரும் தண்டும் படர்ந்து மண்ணைப் பின்னும் அறுகம்புல் அச்சோதனைகளில் முக்கிய இடம் பெற்றது.

மண்ணால் வந்த தோல்விகள்

சில அணைகள் முதல்முறை நீர் நிரம்பியபோதே துளைபட்டு உடைந்தன. மண் இறுக்கத்தில் குறை தெரியவில்லை. ஒக்லஹோமாவிலும் மிசிசிப்பியிலும் நேர்ந்த இத்தகைய சேதங்களை ஆராய்ந்த பொறியாளர் ஜேம்ஸ் ஷெரார்டும் மண் பாதுகாப்புத் துறையினரும் 1970களில் காரணத்தை நிறுவினர். சோடியம் மிகுந்த சில களிமண்களின் துகள்கள், நீர் பட்டதும் ஓட்டத்தின் உந்துதல் இல்லாமலே பிரிந்து மிதக்கத் தொடங்கும். கரை சமமின்றி அமிழும்போது உண்டாகும் மயிரிழை வெடிப்பு, அப்படிப்பட்ட மண்ணில் சில மணி நேரத்தில் சுரங்கமாகிவிடும். இறுக்கிய மண் துண்டில் 1 மில்லிமீட்டர் துளையிட்டு, அதன் வழியே நீர் விட்டு, வெளிவருவது தெளிவா கலங்கலா என்று பார்க்கும் சோதனை 1976இல் வெளியானது; அது இன்று உலகெங்கும் வழக்கில் உள்ளது. கசிவைத் தடுக்கக் குழாயைச் சுற்றிக் கான்கிரீட் வளையங்கள் பதிக்கும் பழைய வழக்கம் கைவிடப்பட்டு, கசியும் நீரை விட்டு மண்ணை மட்டும் தடுக்கும் மணல் வடிகட்டி இடம்பிடித்தது.

உரிமையும் பராமரிப்பும்

கட்டும் செலவை நடுவணரசு ஏற்றது. நில உரிமைகளைப் பெற்றுத் தருவதும் கட்டிய பின் பராமரிப்பதும் உள்ளூர் மண் பாதுகாப்பு மாவட்டம் போன்ற அமைப்புகளின் பொறுப்பு. பெரும்பாலான அணைகள் தனியார் பண்ணைகளில் உள்ளன. நிலம் உழவரிடமே இருக்க, நீரைத் தேக்கும் உரிமை மட்டும் எழுதித் தரப்பட்டது. கரையில் முளைக்கும் மரங்களை வெட்டுவதும், வளை தோண்டும் விலங்குகளை விலக்குவதும், கோபுர வாயை அடைக்கும் குப்பையை அகற்றுவதும் ஓயாத வேலைகள்.

பெரிய அணையா, சிறிய அணையா

1950களில் இவ்வணைகள் பெரும் விவாதத்தின் நடுவில் இருந்தன. பேராறுகளில் ராணுவப் பொறியாளர் படை கட்டும் அணைகளை ஒக்லஹோமா இதழாளர் எல்மர் பீட்டர்சன் 1954இல் வெளியிட்ட நூலில் கடுமையாகச் சாடி, மண் பாதுகாப்பையும் சிற்றணைகளையும் ஆதரித்தார். அதே ஆண்டு நீரியல் அறிஞர்கள் லூனா லியோபோல்டும் தாமஸ் மேடாக்கும் எழுதிய நூல், பேரணை, சிற்றணை இரண்டும் வெவ்வேறு இடங்களைக் காக்கின்றன என்று காட்டியது. சிற்றணை தனக்குக் கீழே உள்ள சில மைல் ஓடைப் பள்ளத்தாக்கில் வெள்ளத்தை நன்றாகக் குறைக்கும். கீழே போகப் போக, அணையில்லாத கிளைகளின் நீரும் சேர்வதால் அதன் பலன் தேயும். தொலைவில் உள்ள நகரத்தைப் பேராற்று வெள்ளத்திலிருந்து அது காக்காது.

மூப்பும் புதுப்பித்தலும்

பெரும்பாலான அணைகள் 50 ஆண்டு ஆயுளுக்கு வடிவமைக்கப்பட்டவை. அக்காலம் பலவற்றுக்குக் கடந்துவிட்டது. வண்டல் இடம் நிரம்புகிறது, கான்கிரீட் சிதைகிறது, உலோகக் குழாய்கள் துருப்பிடிக்கின்றன. இவற்றைவிடச் சிக்கலானது, அணை அப்படியே இருக்க அதன் இடர் வகை மாறிவிடுவது. வயல் மட்டுமே இருந்த இடத்துக்கு மேலே கட்டியது குறைந்த இடர் அணை. அதற்கேற்ற கலிங்கு சிறியது. வெள்ளம் நின்றதால் அதே வயலில் வீடுகள் எழுந்துவிட்டால், உடைந்தால் உயிர்போகும் என்ற உயர் இடர் வகைக்கு அணை மாறுகிறது; அப்போது பழைய கலிங்கு சட்டப்படி போதாது. ஆகவே சிற்றணையின் பாதுகாப்பு பொறியியலை மட்டுமன்றி, கீழே எங்கு வீடு கட்ட அனுமதிப்பது என்ற உள்ளாட்சி முடிவையும் சார்ந்தது.

ரோஜர் மில்ஸ் மாவட்டத்தில் சார்ஜெண்ட் மேஜர் ஓடையின் இரண்டாம் அணை, நாட்டில் முதலில் புதுப்பிக்கப்பட்டவற்றுள் ஒன்று. 2000இல் நிறைவேறிய சட்டத் திருத்தத்தின்படி புதுப்பிக்கும் செலவில் 65 விழுக்காட்டை நடுவணரசும் 35 விழுக்காட்டை உள்ளூர் அமைப்புகளும் ஏற்கின்றன. கரையை உயர்த்துதல், கலிங்கை அகலப்படுத்துதல், உருளையால் இறுக்கிய கான்கிரீட்டில் படிக்கட்டுக் கலிங்கு அமைத்தல், வடிகால் கோபுரத்தையும் குழாயையும் மாற்றுதல் ஆகியன வழக்கமான பணிகள். செலவுக்கு ஏற்ற பலன் இல்லாத இடங்களில் கரையைத் திட்டமிட்டு வெட்டி, அணையை நீக்கிவிடுவதையும் சட்டம் அனுமதிக்கிறது.