பத்து வெள்ளி கேட்ட அமைச்சர்

அவசரகாலத்து முள்வேலியைப் பிரித்த பிறகு ரப்பர் தோட்டங்களுக்குள் வந்தது வேறொரு பயம். அதைச் சொல்ல வேண்டுமானால், பதினெட்டு ஆண்டுகள் மலேசிய இந்தியக் காங்கிரசின் (ம.இ.கா.) தலைவராகவும் ஏறக்குறைய அவ்வளவு காலம் மத்திய அமைச்சராகவும் இருந்த ஒரு மனிதரைச் சொல்லியாக வேண்டும்.

1960 வாக்கில் ஒரு பால்வெட்டுத் தொழிலாளியின் நாள் கூலி மூன்று வெள்ளியைச் சுற்றித்தான் இருந்தது. நம் பகாவ் வட்டாரத்தில் கெடிஸ், ஜெராம் பாடாங், கெல்பின், சுங்கை செபாலிங் என்று எந்தத் தோட்டத்தை எடுத்தாலும் வாழ்க்கை ஒன்றுதான். விடியுமுன் பெயர் வாசிக்கும் பிரட்டு, பிறகு பால்வெட்டும் நிரை, பிறகு பால் வாளிகளைத் தோளில் காண்டாவில் தொங்கவிட்டு ஸ்டோருக்கு நடை. அடைமழை பிடித்துக்கொண்டால் மரத்தில் கத்தி வைக்க முடியாது. மாதக் கடைசியில் மளிகைக் கடைக் கணக்குதான் ஏறும். இப்படிப்பட்டவரிடம் போய் மாதம் பத்து வெள்ளி கொடுங்கள், தோட்டத்தை நாமே வாங்கிவிடலாம் என்றார் அந்த மனிதர், துன் வீ. தி. சம்பந்தன். பத்து வெள்ளி என்பது மூன்று நாள் கூலிக்கும் மேல். அரசியல்வாதி நம்மிடம் காசு கேட்டால் நமக்கு வரும் சந்தேகம் அன்றைக்கும் வந்தது. ஆனாலும் கொடுத்தார்கள்.

சம்பந்தன் லயத்தில் பிறந்தவர் அல்லர். தந்தை வீராசாமி 1896-ல் மலாயாவுக்கு வந்து, சுங்கை சிப்புட்டில் ரப்பர் நிலம் சேர்த்து முன்னுக்கு வந்தவர். மகன் 1919 ஜூன் 16-ஆம் தேதி அங்கேயே பிறந்தார். கோலகங்சார் கிளிப்பர்ட் பள்ளியில் படித்துவிட்டு சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் பட்டம் பெற்றார். இந்தியச் சுதந்திரப் போராட்டத்தின் சூடு மாணவர் விடுதிகளுக்குள்ளும் வீசிய காலம் அது. திரும்பி வந்து சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலையை எழுப்பினார். 1954-ல் அதைத் திறந்து வைத்தவர் நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட்.

1955-ல் ம.இ.கா.வின் ஐந்தாவது தலைவரானார். அதுவரை கட்சி பெரும்பாலும் ஆங்கிலம் படித்த பட்டணத்துப் படிப்பாளிகளின் கையில் இருந்தது. அவருக்கு முன்பு இருந்த தேவாசர் பஞ்சாபி வழக்கறிஞர். சம்பந்தன் வந்த பிறகுதான் கட்சி தமிழில் பேசிக்கொண்டு தோட்டத்துக்குள் நுழைந்தது. இதை அவருடைய பெருமையாகச் சொல்பவர்களும் உண்டு, கட்சி கங்காணி அரசியலாக மாறியதே அப்போதுதான் என்று குறை சொல்பவர்களும் உண்டு. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்பேன்.

இந்தியர்களுக்காக அவர் பேரம் பேச உட்கார்ந்தபோது கையில் என்ன இருந்தது? 1955 ஜூலைத் தேர்தலில் ம.இ.கா. இருந்த கூட்டணி 52 இடங்களில் 51-ஐ வென்றது. ஆனால் அன்றைய வாக்காளர்களில் இந்தியர் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. தோட்டத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோருக்குக் குடியுரிமையே கிடையாது. இந்தப் பலத்தோடுதான் அவர் தொழிலாளர் அமைச்சரானார், 1957-ல் சுதந்திர ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களுள் ஒருவரானார். பிறகு சுகாதாரம், 1959 முதல் 1971 வரை பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்பு, அதன்பின் தேசிய ஒற்றுமை. இலாகாக்களின் பட்டியல் நீளமானதுதான். அதை வைத்து அவரை எடைபோட்டால் நமக்குப் பெரிதாக ஒன்றும் தேறாது.

தேறுவது தோட்டத் துண்டாடலை அவர் எதிர்கொண்ட விதத்தில்தான். அதைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

சுதந்திரம் நெருங்க நெருங்க வெள்ளைக்காரக் கம்பெனிகளில் சில கிடைத்த விலைக்குத் தோட்டத்தைத் தள்ளிவிட்டுப் போக ஆரம்பித்தன. வாங்கியவர்களில் பலர் தரகு வியாபாரிகள். ஆயிரம் ஏக்கர் தோட்டத்தை மொத்தமாக வாங்கி, துண்டு துண்டாக விற்றால் இரட்டிப்பு இலாபம். சட்டப்படி நூறு ஏக்கருக்கு மேல் இருந்தால்தான் அது தோட்டம். அதற்குக் கீழே போய்விட்டால் சிறு தோட்டக்காரன் நிலம். லயம், தண்ணீர், ஆயாக் கொட்டகை, மருந்துக்காரர் என்று தோட்டத்தின் மேல் இருந்த கடமைகள் அங்கே தளர்ந்துபோகும். தொழிற்சங்கம் முதலாளிகளோடு போட்ட சம்பள ஒப்பந்தமும் அந்தத் துண்டுகளுக்குள் எட்டாது. நேற்றுவரை ஒரே பிரட்டில் நின்றவர்கள் நாலு குத்தகைக்காரர்களிடம் பிரிந்துபோனார்கள். வயதானவர்களை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. பெயர் வாசித்த கிராணிக்கும் வேலை போனது. பிள்ளைகள் குறைந்ததும் தமிழ்ப்பள்ளி மெலிந்தது. கோயில் மட்டும் யாருடைய துண்டில் விழுந்தது என்று தெரியாமல் நின்றது.

பேராசிரியர் உங்கு அசிஸ் தலைமையில் மலாயாப் பல்கலைக்கழகம் இதை ஆராய்ந்தது. 1951 முதல் 1960 வரையிலான துண்டாடல்களைப் பற்றிய அந்த அறிக்கை இன்றைக்கும் படிக்கத்தக்கது. அரசாங்கம் உடனே தடை போட்டுவிடவில்லை. இந்த இடத்தில் சம்பந்தனை விட்டுவிட எனக்கு மனமில்லை. அமைச்சரவையில் உட்கார்ந்திருந்தவர் அவர். மேசையைத் தட்டி ஒரு சட்டத்தைக் கொண்டுவரச் செய்திருந்தால் எத்தனையோ குடும்பங்கள் தெருவுக்கு வராமல் இருந்திருக்கும். தட்டுகிற சுபாவம் அவருக்கு இல்லை. தட்டினால் கேட்கும் அளவுக்கு ஓட்டும் இல்லை.

சட்டத்தால் முடியாததைக் காசால் செய்யப் பார்த்தார். 1960 மே மாதம் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. கே. ஆர். சோமசுந்தரம் போன்றவர்கள் உடன் நின்றார்கள். ஒரு பங்கு நூறு வெள்ளி, மாதம் பத்தாகக் கட்டலாம். சேர்ந்த பணத்தோடு கடனும் வாங்கி, விற்பனைக்கு வரும் தோட்டத்தைத் துண்டாக்காமல் முழுசாக வாங்குவது. அங்கே வேலை செய்பவர்களை அப்படியே வைத்துக்கொள்வது. இலாபத்தில் பங்கு கொடுப்பது. இதுதான் திட்டம். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம், 2,912 ஏக்கர், சங்கத்தின் கைக்கு வந்தது. தோட்டத்துத் துரையின் பங்களாவுக்கு எதிரே செருப்பைக் கழற்றி நின்ற சனத்துக்கு அந்தப் பங்களாவிலேயே ஒரு பங்கு! அதன் பிறகு ஒவ்வொன்றாகத் தோட்டங்கள் சேர்ந்தன. பணம் கேட்டுத் தோட்டம் தோட்டமாக அலைந்தவர் அமைச்சரேதான்.

துண்டாடப்பட்ட நிலத்தோடு ஒப்பிட்டால் சங்கம் காப்பாற்றியது கொஞ்சம்தான். 1969-க்குப் பிறகு வேலை பெர்மிட் கெடுபிடி வந்தபோது, குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்தவர்கள் பல்லாயிரக்கணக்கில் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். அதைத் தடுக்க அவரால் முடியவில்லை. கட்சிக்குள்ளும் துணைத்தலைவர் மாணிக்கவாசகத்தின் அணியோடு இழுபறி முற்றியது. பிரதமர் துன் ரசாக் தலையிட்டுப் பேசி, 1973-ல் சம்பந்தன் தலைமையை விட்டு இறங்கினார். கட்சிச் சண்டையின் விவரங்களை எழுதினால் நாலு வாரம் ஓடும். அதில் யாருக்கும் லாபமில்லை.

பதவி போன பிறகும் சங்கத்தை அவர் விடவில்லை. 1979 மே 18-ஆம் தேதி காலமானபோது வயது அறுபதுகூட நிறையவில்லை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சில் ஒரு சாலைக்கு அவர் பெயர் இருக்கிறது. சங்கத்தின் தலைமைக் கட்டடத்துக்கும் அவர் பெயர்தான்.

பகாவ்காரர்களுக்கு இந்தக் கதையில் இன்னொரு கணக்கும் உண்டு. இதே நோக்கத்தோடு 1970-களில் தோட்டத் தொழிலாளர் சங்கம் நம் வட்டாரத்தில் தொடங்கியதுதான் காட்கோ நிலத் திட்டம். அங்கேயும் தோட்டத்து மக்கள்தாம் பணம் கட்டினார்கள், கரும்பு நட்டார்கள், ரப்பர் நட்டார்கள். முடிவில் கடன், நிறுவனக் கலைப்பு, கைமாறிய நிலம், ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம். நல்ல எண்ணம் இரண்டு திட்டங்களிலும் இருந்தது. ஆனால் கூட்டுறவில் நிலம் உறுப்பினர்களின் சங்கத்தின் பெயரில் இருந்தது. காட்கோவில் நிலம் கம்பெனியின் பெயரில் இருந்தது. பத்திரத்தில் யார் பெயர் என்பதை முதலில் பார்க்க வேண்டும் என்று சம்பந்தனுக்குத் தெரிந்திருந்தது. மந்திரியாக அவர் சாதித்தவற்றைவிட இந்த ஒரு தெளிவைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். தாத்தா, பாட்டி பெட்டியில் நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குச் சான்றிதழோ பழைய ரசீதோ கிடந்தால் குப்பையில் போட்டுவிடாதீர்கள். இறந்தவர் பெயரிலேயே விட்டும் வைக்காதீர்கள். வாரிசுகள் அடையாளக் கார்டோடும் இறப்புச் சான்றிதழோடும் சங்க அலுவலகத்தில் போய் விசாரியுங்கள். மூன்று நாள் வெட்டுக் கூலியைச் சேர்த்துக் கட்டிய பணம் அது.