லால் சிங்கும் பெரட்டுக் களமும் – கணினி விளையாட்டில் ஒரு வரலாற்றுப் பாடம்



கணினி விளையாட்டு என்றாலே முகம் சுளிப்போர் நம்மில் மிகுதி. கண் கெடும், படிப்புக் கெடும் என்னும் கவலையில் நியாயம் உண்டு. எனினும் அவ்விளையாட்டுகளில் ஒரு வகை, வரலாற்றுப் பாடத்திற்கு வாயிலாக அமையக்கூடியது என்பதை எடுத்துரைக்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன். பழைய கிரிக்கெட் சுற்றுப்பயணங்களைக் கணினியில் மீண்டும் ஆடிப் பார்ப்பதே அது.

2006ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த ‘கிரிக்கெட் 07’ என்னும் விளையாட்டில், 2005ஆம் ஆண்டின் ஆஷஸ் தொடரில் நிகழ்ந்த கட்டங்களை மீண்டும் ஆடலாம். 2014இல் வெளிவந்த ‘டான் பிராட்மன் கிரிக்கெட் 14’ இன்னும் ஒருபடி மேலே சென்றது. ஆட்டக்காரர்களையும் அணிகளையும் நாமே உருவாக்கிக்கொள்ள அது இடம் தந்தது. அதன் பின்னர், பதின்ம வயதுப் பிள்ளைகள் பலர் ஐம்பது, எண்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட அணிகளைத் திரையில் உயிர்ப்பிக்கத் தொடங்கினர்.

இதற்கு என்னென்ன வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். யார் யார் ஆடினர்? யார் அணித்தலைவர்? எந்த நாள், எந்தத் திடல்? எவர் எத்தனை ஓட்டம் எடுத்தார்? அன்றைய விதிகள் யாவை? இவற்றையெல்லாம் தேடாமல் பழைய தொடரைக் கட்ட இயலாது. தேடுதல், ஒப்பிடுதல், சரிபார்த்தல் என்னும் மூன்றும் வரலாற்று ஆய்வாளரின் பணிகள். பிள்ளை அவற்றை விளையாட்டு என்று நம்பிச் செய்கிறான்.

நம் பிள்ளைகளுக்கு ஏற்ற சுற்றுப்பயணம் ஒன்றைப் பரிந்துரைக்கச் சொன்னால், 1932ஆம் ஆண்டு இந்திய அணி இங்கிலாந்து சென்ற பயணத்தையே சொல்வேன். இந்தியா தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடியது அப்பயணத்தில்தான். அந்தப் பதினொருவரில் ஒருவர் நம் மண்ணில் பிறந்தவர். 1909ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் கோலாலம்பூரில் பிறந்த லால் சிங் என்னும் சீக்கிய இளைஞரே அவர்.

அணித்தலைவராகச் சென்றவர் போர்பந்தர் மகாராஜா. துணைத்தலைவர் லிம்டி இளவரசர் கன்ஷியாம்சிங்ஜி. டெஸ்ட் ஆட்டத்திற்கு மகாராஜா தாமே ஒதுங்கிக்கொண்டார், இளவரசர் காயமுற்றிருந்தார். தலைமை, மன்னர் குடும்பத்தைச் சேராத சி. கே. நாயுடுவிடம் வந்து சேர்ந்தது. சமஸ்தான அரசர்களின் செல்வாக்கில் நடந்த இந்தியக் கிரிக்கெட்டில் அது சிறிய செய்தியன்று.

1932 ஜூன் 25, சனிக்கிழமை. லார்ட்ஸ் திடல். முதலில் ஆட வந்த இங்கிலாந்தின் தொடக்க இணை சட்கிளிஃப், ஹோம்ஸ். ஒன்பது நாள்களுக்கு முன்னர்தான் லேட்டனில் எசெக்ஸ் அணிக்கு எதிராக இவ்விருவரும் முதல் விக்கெட்டுக்கு 555 ஓட்டங்கள் சேர்த்து உலகை வியக்க வைத்திருந்தனர். அன்றோ, முகமது நிசாரின் வேகத்தில் சட்கிளிஃப் 3 ஓட்டங்களிலும் ஹோம்ஸ் 6 ஓட்டங்களிலும் ஸ்டம்புகளைப் பறிகொடுத்தனர். அடுத்து வந்த ஃபிராங்க் உல்லி 9 ஓட்டங்களில் ரன் அவுட். முதல் அரைமணி நேரத்திற்குள் இங்கிலாந்து 19 ஓட்டங்களுக்கு 3 விக்கெட்டுகளை இழந்து நின்றது. உல்லியை வெளியேற்றிய பந்தைத் தடுத்து எறிந்த கை, நம் லால் சிங்கின் கை.

பின்னர் இங்கிலாந்து அணித்தலைவர் டக்ளஸ் ஜார்டின் 79 ஓட்டங்கள் எடுத்து அணியை மீட்டார். இங்கிலாந்து 259; நிசாருக்கு 93 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகள். இந்தியா 189. கையில் அடிபட்ட நிலையிலும் நாயுடு எடுத்த 40தான் அதில் மிகுதியானது. இரண்டாம் இன்னிங்ஸில் இங்கிலாந்து 8 விக்கெட்டுக்கு 275 எடுத்து முடித்துக்கொள்ள, இந்தியா 187 ஓட்டங்களுக்கு வீழ்ந்தது. தோல்வி 158 ஓட்டங்களில். ஆயினும் அந்தக் கடைசி இன்னிங்ஸில் அமர் சிங்கும் லால் சிங்கும் சேர்ந்து 74 ஓட்டங்களை விரைந்து குவித்தனர். அமர் சிங் எடுத்த 51, டெஸ்ட் ஆட்டத்தில் இந்திய அணிக்காக எடுக்கப்பட்ட முதல் அரைச்சதம். லால் சிங் எடுத்தவை 15, 29. அதன்பின் அவர் வேறு டெஸ்ட் ஆடவில்லை.

முழுப் பயணத்தையும் பார்த்தால், முதல்தர ஆட்டங்கள் 26. அவற்றில் 9 வெற்றி, 8 தோல்வி, 9 முடிவின்மை. நாயுடு 1618 ஓட்டங்களும் 65 விக்கெட்டுகளும் எடுத்தார். அமர் சிங் 111 விக்கெட்டுகள், நிசார் 71. சரியாக 51 ஆண்டுகள் கழித்து, 1983 ஜூன் 25 அன்று, அதே லார்ட்ஸ் திடலில் இந்தியா உலகக் கிண்ணத்தை வென்றதையும் மாணவர்க்குச் சொல்லலாம்.

இனிக் கணினிக்கு வருவோம். மேற்கண்ட செய்திகளையெல்லாம் உள்ளிட்டு ஆட்டத்தைத் தொடங்கினாலும், திரையில் ஓடுவது 1932 ஆகிவிடாது. கணினி அறிந்தவை இக்கால விதிகள். அன்றைய டெஸ்ட் மூன்று நாள் ஆட்டம். இடையில் வந்த ஞாயிறு ஓய்வு நாள். மழை பெய்தால் ஆடுகளம் நனைந்தே கிடக்கும். எல்.பி.டபிள்யூ. கொடுக்க வேண்டுமானால் பந்து இரு விக்கெட்டுகளுக்கும் இடைப்பட்ட நேர்கோட்டில் விழுந்திருக்க வேண்டும். அவ்விதி தளர்ந்தது 1935இல்தான். தலைக்கவசம் பரவியது 1970களில். ரன் அவுட்டுக்குத் தொலைக்காட்சி நடுவரை நாடியது 1992இல், டர்பன் நகரில். அவ்வாறு முதன்முதலில் வெளியேற்றப்பட்டவர் சச்சின் டெண்டுல்கர். உல்லியின் ரன் அவுட்டை நடுவர் தம் வெறுங்கண்ணால் கண்டே தீர்த்தார்.

“அன்று இது இருந்ததா?” என்னும் கேள்வியை ஒவ்வொரு பொத்தானுக்கும் பிள்ளையிடம் கேட்கப் பழக்கிவிட்டால் போதும். இன்றைய கண்ணாடியை அணிந்துகொண்டு நேற்றைப் பார்ப்பது வரலாற்றில் பெரும் பிழை. அதைப் பாடநூலில் விளக்குவதைவிட விளையாட்டில் விளக்குவது எளிது.

இதனினும் ஆழமான பாடம் ஒன்று உண்டு. புதிய ஆட்டக்காரரை உருவாக்கும்போது, அவருடைய மட்டைத் திறன், பந்து வீச்சு, களத்தடுப்பு ஆகியவற்றுக்கு எண்களால் மதிப்பளிக்க வேண்டும். லால் சிங்கின் களத்தடுப்புக்கு எத்தனை போடுவது? ஓட்டப் பட்டியலைப் புரட்டினால் விடை கிடைக்காது. அதில் உல்லியின் பெயருக்கு எதிரே “ரன் அவுட் 9” என்று மட்டுமே இருக்கும். ஸ்டம்பைச் சாய்த்தால் பந்து வீச்சாளர் பெயர் வரும். பந்தைப் பிடித்தால் பிடித்தவர் பெயர் வரும். ரன் அவுட்டுக்கு எறிந்தவர் பெயரை எழுதும் வழக்கம் அன்று இல்லை. எச்செயலுக்காக லால் சிங் இன்றும் நினைக்கப்படுகிறாரோ, அச்செயல் பட்டியலில் அவர் பெயரால் பதிவாகவில்லை! அன்று திடலில் இருந்து பார்த்தவர்கள் எழுதியும் சொல்லியும் வைத்ததால்தான் அது நம்மிடம் வந்து சேர்ந்தது.

பதிவேடு பொய் சொல்லவில்லை. அதற்கென வகுத்த கட்டங்களுக்குள் அடங்கியதை மட்டும் அது சொல்லிற்று. அடங்காததைச் சொல்ல மனிதர் வேண்டும்.

இந்த உண்மை பேராக் மாநிலத் தமிழர்களாகிய நமக்குக் கிரிக்கெட்டைக் கடந்தும் பொருந்தும். ஈப்போ பாடாங்கிலும் கிரிக்கெட் ஆடப்பட்டது. ஆனால் ஆங்கிலேயர் ஆட்சியில் அது பெரும்பாலும் துரைமார்களுக்கும் அரசு அலுவலர்களுக்கும் ஆங்கிலப் பள்ளி மாணவர்களுக்கும் உரிய ஆட்டமாகவே இருந்தது. அத்திடலுக்குச் சில கல் தொலைவிலேயே பால்மரக் காடுகள். அங்கும் ஒரு பதிவேடு இருந்தது: செக்ரோல் புத்தகம். விடியுமுன் பெரட்டுக் களத்தில் கிராணியார் பெயர் கூப்பிடுவார். வந்தவருக்கு ஒரு குறி. மாத முடிவில் நாள் கணக்கும் கூலிக் கணக்கும். கிரிக்கெட் பட்டியலைப் போலவே பெயரும் எண்ணும்தான்.

அதே 1932ஐ எடுத்துக்கொள்வோம். உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை சரிந்து கிடந்த காலம் அது. 1920களின் இறுதியில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று இருந்த தோட்டக் கூலி 1930இல் 40க்கும் 32க்கும் குறைக்கப்பட்டது. வேலையிழந்த பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் கப்பலேற்றித் தமிழகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். மலாயாவில் பிறந்த ஓர் இளைஞர் இந்தியாவின் பெயரால் லார்ட்ஸ் திடலில் நின்ற ஆண்டிலும், மலாயாவுக்கு உழைத்துக் கொடுத்தவர்களின் கப்பல்கள் திரும்பிச் சென்றுகொண்டிருந்தன. முன்னவரின் 15ஐயும் 29ஐயும் இன்று எந்தப் பிள்ளையும் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவான். பின்னவர்களின் பெயர்களை எங்கே தேடுவான்?

செக்ரோல் கிடைத்தாலும் அதில் வராதவை எத்தனை! பிள்ளையைப் பழந்துணித் தொட்டிலில் இட்டுவிட்டு மரம் சீவப் போன தாய் அதில் இல்லை. லயத்து வாசலில் ஆடிய சடுகுடு அதில் இல்லை. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்றது. அப்படி எழுந்த ஓரறைப் பள்ளிகளில் எழுத்தறிவித்த ஆசிரியர்கள் பலரின் பெயர்கள் அவர்தம் மாணவர்களின் நினைவில் மட்டுமே நிலைத்தன.

அத்தோட்டங்களும் நிலைக்கவில்லை. நாடு விடுதலை பெற்ற காலத்தில் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டன. அதைக் கண்டே சுங்கை சிப்புட் தந்த தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்துத் தோட்டங்களை வாங்கத் தலைப்பட்டார். பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதிகள் வந்தன. மக்கள் ஈப்போ, புந்தோங், சுங்கை சிப்புட் என்று பெயர்ந்தனர். தோட்டப் பெயரைத் தாங்கியபடியே பட்டணத்திற்கு இடம் மாறிய தமிழ்ப்பள்ளிகளும் உண்டு. பள்ளியின் பெயரில் ஏன் ஒரு தோட்டம் இருக்கிறது என்பதை அங்குப் பயிலும் பிள்ளையே அறியாத நிலை வரலாமா?

ஆதலால் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2014 முதல் தொடக்கப் பள்ளியின் நான்காம் ஆண்டிலேயே வரலாறு தனிப் பாடமாகிவிட்டது. அப்பாடத்திற்குத் துணையாக, கணினி விளையாட்டில் ஆர்வமுள்ள மாணவர்களிடம் முதலில் 1932 அணியைக் கட்டச் சொல்லுங்கள். தேடவும் சரிபார்க்கவும் கற்றுக்கொள்ளட்டும். அது முடிந்தபின் அடுத்த பணியைக் கொடுங்கள்: “உன் பாட்டன் வாழ்ந்த தோட்டத்தில் ஒரு நாளை இப்படியே கட்ட வேண்டுமானால் உனக்கு என்னென்ன தெரிய வேண்டும்?”

பெரட்டு எத்தனை மணிக்கு? லயத்தில் எத்தனை வீடுகள்? தண்ணீர் எங்கிருந்து வந்தது? கோயில் எங்கே, கள்ளுக்கடை எங்கே, பள்ளி எங்கே? வாத்தியார் யார்? மாலையில் திடலில் என்ன ஆடினார்கள்? பிள்ளை தானே கேள்விகளைப் பெருக்கிக்கொள்வான். விடை தெரிந்தவர்கள் அவன் வீட்டிலேயே இருக்கக்கூடும்.

பெற்றோர்களுக்கும் ஒன்று. 1932இல் பிறந்த ஒருவருக்கு இன்று தொண்ணூறு வயது கடந்துவிட்டது. 1950களில் மரம் சீவத் தொடங்கியவர்களும் முதுமையின் எல்லையில் இருக்கிறார்கள். கைப்பேசியில் விளையாடும் பிள்ளை, அதே கைப்பேசியில் தாத்தா பாட்டியின் பேச்சைப் பதிவு செய்யலாம். செலவு ஏதுமில்லை. காலம் மட்டுமே நம்மிடம் குறைவு.

லால் சிங் பின்னாளில் கோலாலம்பூருக்குத் திரும்பி, சிலாங்கூர் கிளப்பின் ஆடுகளத்தைப் பராமரிக்கும் பணியில் இருந்தார். 1985ஆம் ஆண்டு நவம்பரில் மறைந்தார். 1957இல் ஆங்கிலேயக் கொடி இறங்கி நம் கொடி ஏறிய டத்தாரான் மெர்டேக்காதான் அந்தக் கிளப்பின் பழைய திடல். அவர் எறிந்த ஒரு பந்தை உலகம் நினைவில் வைத்திருப்பதற்குக் காரணம், கண்டவர்கள் சொன்னார்கள்; கேட்டவர்கள் எழுதினார்கள். நம் தோட்டங்களைக் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். கேட்டு எழுத வேண்டியது நம் கடன்.

உங்கள் பள்ளியில் இம்முயற்சியைத் தொடங்கினால் எழுதித் தெரிவியுங்கள். மகிழ்வேன்.

அன்புடன்.